ஓநாய் விதைத்த பழமரம்

ஐயா,

ஓநாய் என்றாலே ஆட்டுக் கிடையில் புகும் கொலைகாரன் என்றுதான் எழுதுகிறோம். ஆனால் பிரேசிலின் செராடோ புல்வெளியில் வாழும் பிடரி ஓநாயின் உணவில் ஏறக்குறையப் பாதி தாவரம்தான். மீதி எலி, பறவை, பூச்சி. அதற்கு மிகவும் பிடித்தது, நம் கத்தரி, சுண்டைக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த லோபெய்ரா பழம். போர்த்துகீசிய மொழியில் அந்தப் பெயரே ஓநாயிலிருந்து வந்ததுதான்.

விதைகள் செரிக்காமல் எச்சத்தோடு வெளியேறுகின்றன. அந்த எச்சத்தைப் பல நேரங்களில் அது இலைவெட்டி எறும்புகளின் புற்று மேட்டில் இடுகிறது! எறும்புகள் இழுத்துப் போட்ட விதைகள் அந்த வளமான மண்ணில் முளைவிடுகின்றன. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

செராடோவில் ஏறக்குறையப் பாதி, சோயா வயலாகவும் மாட்டுப் பண்ணையாகவும் மாறிவிட்டது. 2020இல் தன் 200 ரெயால் நோட்டில் இந்த ஓநாயை அச்சிட்ட நாடு, அது நடக்கும் புல்வெளியை விற்றுவிடக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்