செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை: வகுப்பு இல்லை, தேவாலய நடையும் சைக்கிள் பயணமும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்காது, ஆனால் பிள்ளைகள் வழமைபோல வர வேண்டும். இங்கிலாந்தின் பல கவுண்டிகளில் அன்றைக்கு நடக்கும் ‘ரைட் அண்ட் ஸ்ட்ரைட்’ நாளில் இந்த வருடம் நம் பள்ளியும் சேர்கிறது. சைக்கிளிலோ நடந்தோ ஒரே நாளில் முடிந்த அளவு பழைய தேவாலயங்களைப் போய்ப் பார்ப்பது, அதற்கு உறவினரும் நண்பர்களும் ஸ்பான்சர் பணம் தருவது, அந்தப் பணம் அந்தக் கட்டடங்களைத் திருத்தப் போய்ச் சேருவது, இவ்வளவுதான் விஷயம். நம்முடைய சஃபோக் கவுண்டியில் இது 1980களிலிருந்து நடந்து வருகிறது. சைக்கிள்காரர்கள், நடப்பவர்கள், சில கிராமங்களில் குதிரையில் வருபவர்கள் என்று எல்லோரையும் அன்றைக்குப் பார்க்கலாம்.

இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டவுடனே சில பெற்றோர் கேட்ட கேள்வி நியாயமானது, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் சைவப் பிள்ளைகள், தமிழ் படிக்க அனுப்பினால் ஏன் சேர்ச்சுக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்டீர்கள். யாரையும் கும்பிடச் சொல்லப் போவதில்லை, யாரும் பிரசங்கம் செய்யப் போவதும் இல்லை. நாம் வாழும் ஊரில் எழுநூறு எண்ணூறு வருடமாக நிற்கும் கட்டடங்களைப் பார்க்கப் போகிறோம், அவை விழாமல் நிற்க நம்மால் ஆனதைக் கொடுக்கப் போகிறோம். அப்புறம் இன்னொன்று. சனிக்கிழமை தோறும் நாம் வகுப்பு நடத்தும் மண்டபம் யாருடையது? ஒரு தேவாலயத்தினுடையது. நவராத்திரிக்கு அங்கேதான் கொலு வைத்தோம், பொங்கலுக்கு அந்த முற்றத்தில்தான் பானை வைத்தோம், ஒருநாளும் அவர்கள் முகம் சுளித்ததில்லை. அந்த மண்டபத்தின் வடக்கு மூலையில் மழைக்காலத்தில் வாளி வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்த வாளியைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். இந்த நாட்டுத் தேவாலயங்களை அரசாங்கமோ அரச குடும்பமோ பார்த்துக்கொள்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறக்குறைய 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பராமரிப்புச் செலவும் அந்தந்த ஊர்ச் சபையின் தலையில்தான். பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை வருவது இருபது முப்பது பேர், அதில் பலர் பென்ஷன்காரர்கள். அவர்கள்தான் கூரைக்கும் கொடுக்க வேண்டும், சுவருக்கும் கொடுக்க வேண்டும், மணிக்கூண்டுக்கும் கொடுக்க வேண்டும். பழைய கட்டடத்துக்குப் பெரிய எதிரி தண்ணீர். பீலியில் இலையும் பாசியும் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் வழிய இடமில்லாமல் சுவருக்குள் இறங்கும், சுவருக்குள் இறங்கிய ஈரம் உத்தரத்தின் முனையை உளுக்கவைக்கும், முனை உளுத்தால் கூரை இறங்கும். பீலியை அன்றைக்கே துப்புரவு செய்ய ஆகும் செலவு சிறியது, விட்டுவிட்டால் வரும் செலவு மலை. அதோடு ஈயத் தகடு திருட்டு வேறு. இந்தக் கூரைகள் பலவற்றில் ஈயத் தகடுதான் போட்டிருக்கிறார்கள், இரவோடு இரவாக உரித்துக்கொண்டு போய் விற்றுவிடுகிறார்கள், அடுத்த மழை நேரே உள்ளே விழுகிறது.

கோயில் திருப்பணி என்றால் என்ன என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஊரில் கும்பாபிஷேகம் என்று கடிதம் வந்தால் இங்கே இரவு வேலை செய்பவர்கூட ஐம்பது பவுண் அனுப்பிவிடுவார். மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கும் கட்டடம் முன்பு ஒரு கிறிஸ்தவ சேப்பல், அது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், தேர்த் திருவிழாவுக்குப் போகும்போது பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயத்தைக் கண்ணால் கண்ட பெற்றோரும் நம் பள்ளியில் இருக்கிறார்கள், போரில் அது தரைமட்டமானதையும் அவர்கள் அறிவார்கள். பழைய கட்டடம் ஒன்று போய்விட்டால் அது போனதுதான் என்பது நமக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊர்க்காரர் பலருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன்.

சரி, எங்கே போகிறோம்? சின்னப் பிள்ளைகள் இப்ஸ்விச் நகருக்குள்ளேயே நடப்பார்கள். நகர மையத்திலும் அதன் ஓரத்திலுமாக இடைக்காலத் தேவாலயங்கள் 12 இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் போகப் போவதில்லை. மூன்று மைலுக்குள் முடியும் நடை, இடையில் நிறைய நிற்போம்.

முதலில் செயின்ட் மேரி அட் தி எல்ம்ஸ். சிவப்புச் செங்கல் கோபுரம், உள்ளே போகும் வாசல் நோர்மன் காலத்தது. இந்தத் தேவாலயத்தில் சற்று நேரம் இருக்கச் சொல்லியிருக்கிறேன், காரணம் இப்ஸ்விச் மாதா. ஒரு காலத்தில் இந்த ஊர் மாதாவைத் தேடி இங்கிலாந்தின் பல பக்கங்களிலிருந்தும் யாத்திரிகர்கள் நடந்தே வந்தார்கள், எட்டாம் ஹென்றி அரசனின் முதல் மனைவி கத்தரீனும் வந்திருக்கிறார். 1538இல் ஹென்றியின் ஆட்கள் சிலையை எரிப்பதற்காக லண்டனுக்கு எடுத்துப் போனார்கள். அது எரியவில்லை, மாலுமிகள் காப்பாற்றிக் கொண்டுபோய் இத்தாலியில் நெட்டூனோ என்ற கடற்கரை ஊரில் சேர்த்தார்கள் என்று அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள், அந்த ஊர்த் தேவாலயத்தில் ஒரு பழைய மரச் சிலை இன்றும் இருக்கிறது. எல்ம்ஸ் தேவாலயத்தில் இருப்பது அதன் பிரதி. மன்னார்ப் பக்கத்துப் பெற்றோருக்கு இந்தக் கதை கேட்கும்போதே வேறொன்று ஞாபகம் வரும். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர் தங்கள் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு மாந்தையிலிருந்து காட்டுக்குள் போனதும், 2008இல் போர் நெருங்கியபோது மடு மாதாவைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனதும் நம் மக்களின் வரலாறு. உங்களில் யாராவது அன்றைக்கு வந்து அதைப் பிள்ளைகளுக்கு நேரில் சொல்ல முடிந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள்.

அங்கிருந்து செயின்ட் மேரி லெ டவர். 1200ஆம் ஆண்டு ஜோன் அரசன் இப்ஸ்விச்சுக்குச் சாசனம் கொடுத்தபோது ஊர் மக்கள் இந்தத் தேவாலய முற்றத்தில்தான் கூடித் தங்கள் நிர்வாகிகளைத் தெரிவு செய்தார்கள். பிறகு செயின்ட் லோரன்ஸ். அதன் கோபுரத்தில் ஐந்து மணிகள், ஐந்தும் 15ஆம் நூற்றாண்டில் வார்த்தவை, உலகத்திலேயே இவ்வளவு பழைய ஐந்து மணித் தொகுதி வேறில்லை. இப்ஸ்விச்சில் பிறந்து ஹென்றிக்கு அடுத்த அதிகாரத்துக்கு உயர்ந்த கார்டினல் வுல்சி சிறுவனாகக் கேட்ட மணி ஓசை இதுதான். பல வருடம் அசையாமல் கிடந்த மணிகளைத் திருத்தி 2009இல் திரும்ப அடிக்கத் தொடங்கினார்கள். அதற்கும் இப்படிச் சேர்ந்த பணம்தான் வேண்டியிருந்தது.

துறைமுகப் பக்கம் செயின்ட் பீட்டர்ஸ். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, ஆகவே ஆசிரியர்கள் பிள்ளைகளை அவசரப்படுத்த வேண்டாம். வுல்சி தன் ஊரில் கட்ட நினைத்த கல்லூரிக்கு இதையே சேப்பலாக எடுத்துக்கொண்டார், கல்லூரி கட்டி முடியும் முன்பே அவருடைய பதவியும் அதிகாரமும் போய்விட்டன, செங்கல் வாசல் ஒன்றுதான் மிச்சம். அது தெருவோரமாகச் சாய்ந்தாற்போல நிற்கிறது, வாகனப் புகையில் முகமே கறுத்துப்போய். உள்ளே இருக்கும் ஞானஸ்நானத் தொட்டி 12ஆம் நூற்றாண்டுக் கறுப்புச் சுண்ணாம்புக் கல். பெல்ஜியத்தின் டூர்னே ஊரில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்தது. சுற்றிலும் சிங்கங்கள் வரிசையாக நடக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் பிடரி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும். செதுக்கியவன் வாழ்நாளில் ஒரு சிங்கத்தைக் கண்டிருப்பானா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

வெளிச் சுவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சஃபோக்கில் நல்ல கட்டடக் கல் அநேகமாகக் கிடையாது, சுண்ணாம்புப் பாறைக்குள் கிடைக்கும் தீக்கல்தான் உண்டு. அதை உடைத்தால் உள்முகம் கறுப்புக் கண்ணாடிபோலப் பளபளக்கும், அந்த முகம் வெளியே தெரிய, தூரத்திலிருந்து வாங்கிய வெள்ளைக் கல்லோடு சேர்த்துப் பதித்துச் சித்திரம் போட்டிருக்கிறார்கள். கையால் தடவிப் பார்க்கலாம், தவறில்லை. தோண்டி எடுக்கத்தான் கூடாது!

கப்பல் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்காகச் செயின்ட் கிளெமென்ட்ஸ் முற்றத்தையும் சேர்த்திருக்கிறோம், நெல்சனின் விக்டரி கப்பலை வடிவமைத்த தோமஸ் ஸ்லேட் அடக்கமான இடம் அது. கடைசியாகச் செயின்ட் மார்கரெட்ஸ், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் மரக் கூரை. பக்கத்திலேயே கிறைஸ்ட்சர்ச் பார்க், மதியச் சாப்பாடு அங்கே.

பெரிய பிள்ளைகளும், ஏழாம் வகுப்புக்கு மேல் என்று வைத்துக்கொள்வோம், ஆர்வமுள்ள பெற்றோரும் சைக்கிளில் ஓர்வெல் ஆற்றோரமாகப் போவார்கள். வெர்ஸ்டெட், ஃப்ரெஸ்டன், வுல்வர்ஸ்டன், செல்மண்டிஸ்டன் என்று நான்கு ஊர், போக மட்டும் சுமார் 6 மைல். செல்மண்டிஸ்டன் தேவாலயம் 1944 டிசம்பரில் ஜெர்மன் பறக்கும் குண்டு விழுந்து நொறுங்கிப்போனது, இப்போது இருப்பது போருக்குப் பிறகு திரும்பக் கட்டியது. குண்டு விழுந்த ஊரும் திரும்பக் கட்டியவர்களும் என்றால் நம் வீடுகளில் அதைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது, அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேட்டால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள். ஃப்ரெஸ்டன் மேடு செங்குத்து, ஏற முடியாதவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. சாலையில் வாகனங்கள் வேகமாக வரும், ஆகவே ஹெல்மெட் இல்லாத பிள்ளையைச் சைக்கிளில் ஏற்ற மாட்டேன், இதில் யார் சொன்னாலும் கேட்க மாட்டேன். முதல் நாளே காற்று, பிரேக், செயின் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

பணம் பற்றி. ஸ்பான்சர் படிவம் பிள்ளைகளின் பையில் வரும். ஒரு தேவாலயத்துக்கு இவ்வளவு என்றும் எழுதலாம், மொத்தமாக ஒரு தொகையும் எழுதலாம். சேரும் பணத்தில் பாதி நாம் சொல்லும் தேவாலயத்துக்குப் போகும், அதாவது நமக்கு மண்டபம் தருபவர்களுக்கு. மற்றப் பாதி சஃபோக் ஹிஸ்டோரிக் சர்ச்சஸ் டிரஸ்டுக்கு, அவர்கள் கவுண்டி முழுவதும் திருத்த வேலைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஸ்பான்சர் செய்பவர் இங்கே வருமான வரி கட்டுபவராக இருந்தால் கிஃப்ட் எய்ட் கட்டத்தில் அடையாளமிட்டு முழுப் பெயர், வீட்டு முகவரி, போஸ்ட்கோட் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசாங்கம் மேலே தரும். போஸ்ட்கோட் இல்லாவிட்டால் அது கிடைக்காது, சும்மா போகும் காசு. அம்மம்மா, மாமா, சித்தி, உங்கள் வேலையிடத்து நண்பர்கள் போதும், தெரியாதவர்கள் கதவைத் தட்டப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். கொடுக்க வசதியில்லாத வீடு என்றால் ஒரு கவலையும் வேண்டாம், பிள்ளை வந்தால் போதும், யார் எவ்வளவு சேர்த்தார்கள் என்று வகுப்பில் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு தேவாலயத்திலும் வாசலில் ஒருவர் இருந்து படிவத்தில் கையெழுத்துப் போடுவார், பெரும்பாலும் தண்ணீரோ ஜூஸோ பிஸ்கட்டோ இருக்கும். வாங்கினால் ‘தேங்க் யூ’ சொல்லாமல் வரக் கூடாது. ஆள் இல்லாத இடத்தில் கதவில் ஒரு தாள் இருக்கும், அதில் பெயரை எழுதிவிட்டுப் போகலாம். உள்ளே போகும்போது நம் பிள்ளைகள் பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றுவார்கள், தேவையில்லை, தொப்பியை மட்டும் எடுத்தால் சரி. கல்யாணமோ அடக்க ஆராதனையோ நடந்தால் வெளியில் காத்திருப்போம். யாராவது கண்மூடி இருந்தால் சத்தம் கூடாது. கும்பிட விரும்பும் பிள்ளை கும்பிடட்டும், விரும்பாத பிள்ளை சும்மா இருக்கட்டும், இரண்டு பக்கமும் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

தமிழ் எங்கே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் சின்னக் கொப்பி ஒன்றும் பென்சிலும் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் தான் கண்ட ஒரு பொருளைப் பற்றி ஐந்து வரி, தமிழில், கண்டதை மட்டும். ‘மிக அழகாக இருந்தது’ என்று எழுதினால் ஆசிரியர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். சிங்கத்துக்கு எத்தனை கால் தெரிகிறது, மணிக் கயிறு என்ன நிறம், தரையில் யாருடைய பெயர் தேய்ந்து போயிருக்கிறது, இப்படி எழுத வேண்டும். அடுத்த வாரம் மேல் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைத் தொகுத்து ஒரு பிரதியை மண்டபக்காரர்களுக்குக் கொடுப்பார்கள், கீழே ஆங்கில மொழிபெயர்ப்பும் எழுதி.

சாப்பாட்டுக்குச் சைவ ரோல்ஸும் தயிர்ச் சாதமும் நான் ஏற்பாடு செய்கிறேன், யாராவது பற்றீஸ் செய்து தந்தால் மறுக்க மாட்டேன், கடலை மட்டும் எதிலும் வேண்டாம், அலர்ஜி உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். மழைக் கோட் கட்டாயம். புதுச் சப்பாத்து வேண்டாம், கால் கடிக்கும்.

நடைக் குழுவோடு ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும், சைக்கிள் குழுவுக்கு இன்னும் கூடுதலாக. இப்போதைக்கு அப்பாமார் பெயரே அதிகம் வந்திருக்கிறது, நடைக்கு அம்மம்மா அப்பப்பாமாரும் வரலாம், கால் வலித்தால் உட்கார எல்லாத் தேவாலயத்திலும் வாங்கு இருக்கிறது. ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டு, நடையா சைக்கிளா என்று எழுதி, வருகிற சனிக்கிழமை வகுப்பு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். சைக்கிள் இல்லாத பிள்ளைகள் இருந்தால் எனக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள், இரவல் கொடுக்க இரண்டு மூன்று வீடுகள் தயாராக இருக்கின்றன.

அன்புடன்,
தலைமையாசிரியர்