கயிற்றுக்கு அந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய ஆல்பம் பாட்டை இந்த வாரம் பதினோரு முறை பார்த்துவிட்டேன். முதல் இரண்டு முறை, 'இயக்கம்' என்ற சொல்லுக்குக் கீழே உன் பெயர் வரும் இடத்துக்காகத்தான் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உன் அம்மா அங்கே நிறுத்தச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். மூன்றாம் முறையிலிருந்துதான் படத்தைக் கவனித்தேன். செங்கல் சூளையில் எடுத்த இரண்டாம் சரணம் எப்படி இருக்கிறது என்று நீ தொலைபேசியில் கேட்டபோது, நன்றாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை வாயால் சொன்னால் குறை கூறுவதுபோல் ஒலிக்குமோ என்ற பயத்தில் எழுதுகிறேன்.

அந்தச் சரணம் 46 வினாடி ஓடுகிறது. சூளைத் தொழிலாளர்கள் ஒன்பது ஷாட்டுகளில் வருகிறார்கள்: ஆறில் கைகள் மட்டும், இரண்டில் முதுகு, ஒன்றில் புகைக்கு நடுவே ஒரு கூட்டம். பாடகர் ஏழு ஷாட்டுகளில் வருகிறார். ஏழிலும் முகம் தெரிகிறது. பாட்டோ உழைப்பவர்களின் பெருமையைப் பற்றியது. மண் அப்பிய விரல்களை நீ எடுத்திருக்கும் விதம் அழகுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை; ஆனால் பதினோரு முறை பார்த்த பிறகும் அந்தக் கைகளுக்கு உரியவர்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால், இல்லைதான். முப்பது ஆண்டுகள் மேக்கப் போட்டுப் பிழைத்தவன் நான். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. கடற்கரைக் குப்பத்தில் ஒரு மீனவர் பாட்டு. இருபது குரூப் டான்சர்கள். எல்லாரும் சிவப்பாக இருக்கிறார்கள், டல் மேக்கப் போடுங்கள் என்றார்கள். எவ்வளவு டல் என்று நான் விழித்தபோது, தடுப்புக் கயிற்றுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண்மணியைக் கூப்பிட்டு என் முன்னால் உட்கார வைத்தார்கள். அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் என் தட்டை வைத்துக்கொண்டு, இரண்டு பான்கேக் மேக்கப் கட்டிகளைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, நிறம் ஒத்துவரும்வரை கலந்தேன். பிறகு ஒளிப்பதிவாளர் லைட் பார்ப்பதற்கும் அவரையே நிற்க வைத்தார். எல்லாம் சரியாக அமைந்ததும், "நான் போகலாமா?" என்று அவர் கேட்டார். போகலாம் என்றோம். அவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, தன் நிறத்தைப் பூசிக்கொண்ட இருபது பேர் தன் தொழிலை நடித்து ஆடுவதைச் சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிவெயிலில் வியர்வை வழிந்து, ஆடுபவர்களின் காதுக்குப் பின்னால் சாயம் கோடுகோடாகக் கரைந்தபோதெல்லாம் நான் ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்று என் கண்ணை உறுத்தியது அந்தக் கோடு மட்டும்தான்.

எங்களில் யாருக்கும் மீனவர்கள்மேல் வெறுப்பு இருந்ததில்லை. பாட்டு நான்கு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குள் ஒருவர் யார் என்று விளக்க நேரமில்லாததால், உடையும் நிறமும் நிற்கும் இடமுமே அவருக்காகப் பேச வேண்டியிருக்கிறது. ஆகவே பார்ப்பவர்கள் மனத்தில் முன்பே இருக்கும் உருவத்தை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போய்விடுகிறோம். கருவிகளும் அதற்குத் துணைபோயின. நிறத்தைச் சரிபார்ப்பதற்காக, படச்சுருள் தயாரித்த கோடாக் நிறுவனம் புகைப்படம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல பத்தாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் முகத்துக்குச் சரியென்றால் எல்லா முகத்துக்கும் சரி. நாங்களும் நாயகியின் முகத்துக்கு லைட் வைப்போம். பக்கத்தில் நிற்பவளின் கறுத்த முகம் இருட்டில் மறைந்தால், லைட்டை நகர்த்தாமல் அவளைப் பின்வரிசைக்கு நகர்த்துவோம்.

இது உலகம் முழுக்க நடந்ததுதான். அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய எம்டிவி, தன்னை ராக் இசை அலைவரிசை என்று சொல்லிக்கொண்டு, முதல் ஓரிரு ஆண்டுகளில் கறுப்பினக் கலைஞர்களின் காணொளிகளை மிகக் குறைவாகவே காட்டியது. ரிக் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 1983-இன் தொடக்கத்தில், பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி அதே அலைவரிசைக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, பேட்டி எடுத்தவரிடம் ஏன் இப்படி என்று திருப்பிக் கேட்டார். இன்றைக்கும் பலர் நினைவில் இருப்பது வெள்ளைக்காரரான போவி கேட்ட கேள்விதான் என்பது எனக்குச் சற்று வருத்தம். அந்த ஆண்டிலேயே மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' ஒளிபரப்பாகத் தொடங்கிய பிறகு கதவு மெல்லத் திறந்தது.

அதே ஜாக்சன் 1991-இல் வெளியிட்ட 'பிளாக் ஆர் ஒயிட்' காணொளியைச் சிறுமியாக இருந்தபோது நீ திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாய். அதில் வெவ்வேறு இனத்து ஆண்களும் பெண்களும் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகமாக உருமாறிக்கொண்டே வருவார்கள். நீ அந்தக் கணினி வித்தையில் மயங்கினாய். நான் வேறொன்றைக் கவனித்தேன். எல்லாருக்கும் ஒரே அளவு குளோசப், ஒரே லைட், எல்லாரும் கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். ஆனால் அதே காணொளியின் முற்பகுதியில் ஒவ்வொரு நாட்டவரும் தத்தம் பாரம்பரிய உடையில் வந்து, சில வினாடி ஆடிவிட்டுப் போய்விடுகிறார்கள். வாகனங்கள் விரையும் சாலையின் நடுவே ஜாக்சனுடன் ஒடிசி ஆடுகிறாரே, அவர் யமுனா சங்கரசிவம் என்ற இலங்கைத் தமிழர், பின்னாளில் மானிடவியல் பேராசிரியர். பல ஆண்டுகள் நான் அவரை 'அந்த இந்தியப் பொண்ணு' என்றுதான் சொல்லிவந்தேன்.

2016-இல் கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழு இந்தியாவைக் களமாக வைத்து வெளியிட்ட காணொளியைப் பற்றி நாம் ஒருமுறை சண்டையே போட்டோம். ஆசையோடு எடுத்திருக்கிறார்கள் என்றாய் நீ. அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பாட்டின் வரிகளுக்கும் இந்தியாவுக்கும் சம்பந்தமே இல்லாமல் சாமியார்களும் வண்ணப்பொடியும் தெருச் சிறுவர்களும் வந்து போகிறார்கள், அந்தச் சிறுவர்களில் ஒருவன்கூட என் நினைவில் தங்கவில்லை. ஆசையோடு எடுத்தாலும் ஆட்கள் அலங்காரமாகிவிடுவது உண்டு.

படத்தில் காட்டப்படுபவர்களைப் போன்றவர்களே எதிர்த்துக் கேட்டதும் உண்டு. ராப் பாடகர் நெல்லியின் ஒரு காணொளியில், கடன் அட்டையை ஒரு பெண்ணின் உடலில் தேய்க்கும் காட்சி வந்தது. 2004-இல், அமெரிக்காவின் அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரிக்கு அவர் தரப்பு எலும்பு மஜ்ஜைக் கொடைக்கான முகாம் நடத்த வரவிருந்தபோது, முதலில் அந்தக் காட்சியைப் பற்றி எங்களோடு பேசட்டும் என்று மாணவிகள் போர்க்கொடி தூக்கினார்கள், முகாம் ரத்தாயிற்று. உயிர் காக்கும் காரியம் நின்றுபோனதே என்று எனக்கு முதலில் அவர்கள்மேல்தான் கோபம் வந்தது. உன்னை ஒரு படப்பிடிப்பில் யாராவது அப்படி நிற்கச் சொன்னால் என்று யோசித்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது.

இனி உன் சரணத்துக்கு வருகிறேன். 2 நிமிடம் 40-ஆவது வினாடியில், தலையில் கல் சுமந்து போகும் ஒரு பெண்மணி கேமராவின் பக்கம் திரும்புகிறார். அவர் முழுதாகத் திரும்புவதற்குள் நீ வெட்டிவிட்டாய். பாடகரின் ஷாட் வந்துவிடுகிறது. முழு ஷாட் உன்னிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் திரும்பி என்ன செய்தார்? சிரித்தாரா, முறைத்தாரா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாரா? சோகமான முகமாகத் தேடிப் போட வேண்டியதில்லை; பரிதாபமும் இன்னொரு மேக்கப்தான். முகம் வேண்டாம் என்று அவர்களே சொல்லியிருந்தால், நான் இதுவரை எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. அவர்கள் விருப்பம்தான் பெரிது. அப்படி யாரும் சொல்லவில்லை என்றால், அந்த ஷாட்டை இரண்டு வினாடி நீட்டிப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பு. தாளம் கெடும் என்பாய். கெடுகிறதா என்று பார்ப்போம்.

அவர் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறாயா? குப்பத்தில் நிறம் பார்க்க உட்கார்ந்த பெண்மணியிடம் நான் கேட்கவே இல்லை. பதிலில் எழுது.

அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா