டெஸ்ட் ரிப்போர்ட் வராமல் அந்த பில்லைப் பாஸ் செய்யாதீர்கள்

எங்கள் கல்லூரியின் கொள்முதல் குழுவில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம். மூன்றாவது மாடி லேபில் போன மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும், அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. வேலைவாய்ப்புத் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசை சிஸ்டங்கள் ஒவ்வொன்றாக நெட்வொர்க்கிலிருந்து விழுந்தன. கூட்டக் குறிப்பில் ‘சர்வர் பழுது’ என்று எழுதி முடித்துவிட்டீர்கள். சர்வரில் ஒரு பழுதும் இல்லை, சுவர் வழியாக ஓடுகிற கேபிளில்தான் பழுது. அதைப் போட்ட அதே கான்ட்ராக்டர் இன்னும் இரண்டு லேப்களை முடித்துவிட்டார், பில்லும் உங்களிடம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும், அதாவது கேபிள் வந்து சேரும் ஒவ்வொரு இணைப்புக்கும், டெஸ்ட் ரிப்போர்ட் வராமல் அந்த பில்லைப் பாஸ் செய்யாதீர்கள்.

அன்று கடைசி வரிசையில் ஒரு மாணவி. திரை அப்படியே நின்றுவிட்டது, மூலையில் நேரம் மட்டும் குறைந்துகொண்டே போனது. “சார், இதுவரைக்கும் போட்ட ஆன்சர் சேவ் ஆகியிருக்குமா?” என்று கேட்டாள். நான் மேஜைக்கு அடியில் குனிந்து வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன்; பச்சை லைட் எரியும், அணையும், மறுபடி எரியும். அவளுக்கு என்ன பதில் சொல்வது? அந்த கம்பெனி மறுதேர்வு தரவில்லை. படித்த பிள்ளை, படிக்காமல் கோட்டை விட்டிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

மாலையில் எல்லோரும் போன பிறகு அந்த சிஸ்டத்தின் கேபிளை எடுத்துப் பார்த்தேன். சுவரில் பாக்ஸ்கூட வைக்காமல் கேபிள் நுனியிலேயே கனெக்டரை கிரிம்ப் செய்திருக்கிறார்கள், அதாவது அழுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். ஜோடி ஜோடியாக முறுக்கி வரும் எட்டு கம்பிகளை அரை அங்குலத்துக்கு மேல், அதாவது 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. இங்கே இரண்டு அங்குலம் பிரிந்து வெளியே தொங்கியது. கனெக்டருக்குள் முதல் ஆறு கம்பிகளின் நிற வரிசை தெளிவாகத் தெரிந்தது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் கம்பிகளை எந்த வரிசையில் சொருக வேண்டும் என்று சொல்லும் டி568பி முறையில் நான்காவது இடம் நீலத்துக்கு, ஆறாவது இடம்தான் பச்சைக்கு. 3-ஆவது இடத்துக் கம்பியும் 6-ஆவது இடத்துக் கம்பியும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். ஒரு ஜோடியில் இரண்டு கம்பியிலும் சிக்னல் எதிரெதிராகப் போகிறது, வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின் மேலும் ஒரே அளவில் விழுகிறது, மறுமுனையில் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது இரைச்சல் கழிந்துபோகிறது. முறுக்குவதே அதற்காகத்தான். பச்சையில் ஒரு கம்பி, நீலத்தில் ஒரு கம்பி என்று கலந்துவிட்டால் அந்த முறுக்கால் என்ன பயன்?

கான்ட்ராக்டர் உங்களிடம் காட்டியது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் லைட் டெஸ்டர். ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்கு எரிந்தால் கம்பி அறுபடவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ஜோடி கலந்திருப்பதை அது காட்டாது. இரண்டு முனையிலும் ஒரே தப்பைச் செய்தாலும் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். சர்ட்டிஃபையர் என்ற கருவிதான் நீளம், சிக்னல் இழப்பு, ஜோடிகளுக்கு நடுவே வரும் குறுக்கீடு எல்லாவற்றையும் அளந்து பாஸா ஃபெயிலா என்று பாயின்ட் வாரியாக அச்சடித்துத் தரும். நான் கேட்பது அந்தத் தாளைத்தான்.

அப்புறம் கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. நாலைந்து தடவை மடக்கி நிமிர்த்தியதும் பட்டென்று ஒடிந்தது. நெட்வொர்க் கேபிள்களுக்கான டிஐஏ-568 தரநிலையின் கணக்கில், நாம் கேட்ட கேட் 6 என்ற தர வகைக் கேபிளே இது கிடையாது. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. இதன் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வளாகத்து கேமராக்கள் ராத்திரியில் அணைந்து அணைந்து எரிகின்றன என்று வாட்ச்மேன் அண்ணன் ஆறு மாதமாகச் சொல்கிறாரே, அதற்கும் இதே காரணம்தான் என்று நினைக்கிறேன். கேமராவுக்கு மின்சாரமும் இந்தக் கேபிளிலேயே போகிறது. இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரிய ஆரம்பித்து கூடுதலாக இழுக்கும், கம்பியிலேயே வோல்டேஜ் கரைந்துவிடும். ஒர்க்‌ஷாப் கட்டடத்துக்கு ஒரே இழுவையில் 120 மீட்டர் போட்டிருக்கிறார்கள். வரம்பு 100 மீட்டர், அதுவும் இரண்டு பக்கத்து பேட்ச் கார்டையும், அதாவது முனைகளில் சொருகும் குட்டை வயர்களையும் சேர்த்து.

கிரிம்ப் செய்த பையன்மேல் எனக்குக் கோபமில்லை. “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாப் போதும்னு சொன்னாங்க சார்” என்றான். தினக்கூலிக்கு வந்தவன், யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கோபமெல்லாம் டெண்டரில் ‘கேட் 6 கேபிள்’ என்று மூன்று வார்த்தை மட்டும் எழுதி, குறைந்த விலை போட்டவருக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்மேல்தான். நுழைவாயிலுக்கு கிரானைட் போடும்போது கல்லைத் தட்டிப் பார்த்து, இரண்டு முறை திருப்பி அனுப்பினீர்கள். சுவருக்குள் போவதை ஏன் யாருமே பார்ப்பதில்லை? கிரானைட்டை அடுத்த வருடம் மாற்றலாம், பூசி மூடிய சுவரை உடைத்துக் கேபிள் மாற்ற யார் பணம் தருவார்கள்?

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, மன்னியுங்கள். பணிவாகவே கேட்கிறேன். டெண்டரில் முழுச் செம்புக் கம்பி என்று ஒரு வரியும், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் சர்ட்டிஃபையர் ரிப்போர்ட் தர வேண்டும் என்று இன்னொரு வரியும் சேருங்கள். சர்ட்டிஃபையரை விலைக்கு வாங்க வேண்டாம், வாடகைக்கே கிடைக்கும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை இப்போதைய பில்லைத் தயவுசெய்து பாஸ் செய்யாதீர்கள்.

அன்று வெட்டி எடுத்த துண்டு என் மேஜை டிராயரில் இருக்கிறது. சனிக்கிழமை முழுக்க நான் லேபில்தான் இருப்பேன். உங்களில் யாராவது ஒருவர் வந்தால் போதும், உங்கள் கையாலேயே சுரண்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
லேப் பொறுப்பாளர்