காப்புறுதிப் பத்திரத்தை வைத்தியசாலை வாசலில் கேட்க வேண்டாம்: அறுகம்குடாவிலிருந்து ஒரு கோரிக்கை மனு

செயலாளர்,
சுகாதார அமைச்சு,
கொழும்பு.

ஊடாக: பிரதேச செயலாளர், பொத்துவில்.

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

விடயம்: அபாயமான விளையாட்டுகளில் காயப்படுவோருக்குத் தனியார் காப்புறுதியைக் கட்டாயமாக்குவது தொடர்பாக

அறுகம்குடா, உல்லைப் பகுதியில் அலைச்சறுக்குப் பயிற்சி கொடுத்தும், களப்பில் படகோட்டியும், கடற்றொழில் செய்தும் பிழைக்கிற நாங்கள் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். "விரும்பிப் போய் ஆபத்தில் விழுகிறவனுக்கு எதற்கு அரசாங்கக் காசில் வைத்தியம்? காப்புறுதி எடுத்துக்கொண்டு வரட்டும்" என்ற பேச்சு எங்கள் ஊர்த் தேநீர்க்கடையிலும் கூட்டங்களிலும் அடிக்கடி எழுகிறது. நாளைக்கு அது ஒரு சுற்றறிக்கையாக வருவதற்கு முன்னர் எங்கள் பக்கத்தைச் சொல்லிவைக்க விரும்புகிறோம்.

அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை இங்கே அலைச்சறுக்கு சீசன். மெயின் பொயின்ட் என்கிற அலைச்சறுக்கு இடத்தில் அலை பாறைமேல்தான் உடைகிறது. விழுகிறவருக்கு முதுகும் முழங்காலும் சிராய்த்துவிடும். சறுக்குப் பலகையின் அடியிலுள்ள ஃபின் என்கிற துடுப்பு கெண்டைக்காலைப் பிளந்தால் தையல் போடாமல் தீராது. தோள்மூட்டு விலகுவதும் உண்டு. வாடகை ஸ்கூட்டரில் தலைக்கவசம் இல்லாமல் பாணமை வீதியில் பறந்து விழுகிறவர்கள் தனிக் கணக்கு. உண்மையைச் சொன்னால், அலையை விட ஸ்கூட்டருக்குத்தான் எங்களுக்குப் பயம். பெரிய முறிவென்றால் அம்புலன்ஸ் அக்கரைப்பற்று, கல்முனை, அம்பாறை என்று ஓட வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை 100 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஊரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டால் என்ன செய்வது? ஆகவே செலவு இருக்கிறது, அதை யாரோ கொடுக்கத்தான் வேண்டும். அதை எங்கே, யாரிடம் கேட்பது என்பதில்தான் எங்களுக்கு மறுப்பு.

தாங்கள் ஒரு விடியற்காலையில் எங்கள் கரைக்கு வந்து பார்க்க வேண்டும். கடற்றொழிலாளர் வள்ளத்தை இழுத்தேற்றுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, புதிதாக வருகிறவர்களை மணலில் பலகை போட்டுப் படுக்கவைத்து எழும்பிநிற்கப் பழக்குகிறோம். வள்ளத்தின் அணியம் அடித்து ஒருவருக்கு விலா உடையும். அதே அலையில் பலகை அடித்து இன்னொருவருக்கும் உடையும். எங்கள் பொடியன்களில் பலர் விடிய வாப்பாவோடோ அப்பாவோடோ வலைக்குப் போய்விட்டு, பத்து மணிக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர்கள். அவர்களில் ஒருவனுக்கு அடிபட்டால் அது தொழிலா, விளையாட்டா? இரவுக் கடமையில் தனியாக நிற்கிற வைத்தியர் இதைத் தீர்மானித்துவிட்டா ஊசி போட வேண்டும்? அபாயம் என்பதற்கு வரைவிலக்கணம் எழுதத் தொடங்கினால் அது கடலோடு நிற்கவும் மாட்டாது. சேனைக் காவலுக்குப் போய் யானையிடம் அகப்பட்டவர், வட்டையில், அதாவது வயல்வெளியில், பாம்பு கடித்தவர், தேனுக்கு மரமேறி விழுந்தவர், எல்லோரும் ஆபத்தைத் தெரிந்துகொண்டே போனவர்கள்தான்.

அரச வைத்தியசாலைக் கட்டணம் இந்த நாட்டில் 1951இல் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் வாங்கத் தொடங்கினார்கள். வெறும் 25 சதத்துக்கே வருகிறவர்களின் தொகை குறைந்தது. 1977இல் அந்தக் கட்டணமும் எடுக்கப்பட்டது. சதத்துக்கே அப்படியென்றால் காப்புறுதிப் பத்திரத்துக்கு எப்படியிருக்கும்? வராமல் விடுவார்கள், அல்லது பொய் சொல்வார்கள். பாறையில் கிழிந்த காயத்தை வேலிக்கம்பி கிழித்தது என்று சொன்னால், உள்ளே தங்கிவிட்ட பவளத் துணுக்கை யார் தேடப்போகிறார்கள்? தலையில் பலகை அடித்ததை மறைத்துவிட்டுப் போகிறவன் இரவில் வீட்டில் வாந்தியெடுப்பான்.

சரி, நாங்களே காப்புறுதி எடுக்கலாமே என்பீர்கள். நாட்கூலிக்கு வேலை செய்கிற பயிற்றுநரிடம் சம்பளச் சீட்டு இல்லை, மாரி தொடங்கினால் வருமானமும் இல்லை. நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் 2018இல் இங்கேதான் உருவானது. அதற்கு எங்கள் பெண்கள் வீட்டிலும் ஊரிலும் எதிர்கொண்ட கேள்விகள் கொஞ்சமல்ல. இனித் தவணைப் பணமும் கட்டு என்றால் அவர்கள்தான் முதலில் கடலை விட்டு விலகுவார்கள்.

மற்ற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. நியூசிலாந்தில் 1974இலிருந்து விபத்துக் காயங்களுக்கென்று ஒரு பொது நிதி இயங்குகிறது. தொழில் நடத்துகிறவர்கள், உழைக்கிறவர்கள், வாகன உரிமையாளர்கள் ஆகியோரிடமிருந்து அறவிடுகிறார்கள். அங்கே போய்க் காயப்படுகிற சுற்றுலாப் பயணிக்கும் அது உதவுகிறது. சுவிற்சர்லாந்தின் விபத்துக் காப்புறுதியில், வேண்டுமென்றே பெரிய அபாயத்தில் இறங்குகிறவருக்கு நட்டஈட்டுப் பணம்தான் குறையும், வைத்தியச் செலவு குறைவதில்லை. பிரித்தானியாவில் வாகன விபத்துக்கான வைத்தியச் செலவை அரசாங்கமே பின்னர் வாகனக் காப்புறுதி நிறுவனத்திடம் வாங்கி வைத்தியசாலைக்குக் கொடுப்பதற்கு 1999இல் சட்டம் செய்தார்கள். எங்கள் நாட்டிலும் வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஏற்கெனவே கட்டாயமாகத்தானே இருக்கிறது.

எனவே நாங்கள் கேட்பது இதுதான். அவசர சிகிச்சையிலோ வார்ட்டிலோ எவரிடமும் காப்புறுதிப் பத்திரம் கேட்கக்கூடாது, முதலில் வைத்தியம். காப்புறுதி, அபாயத்தை விற்றுக் காசு பார்க்கிற இடத்தில் இருக்கட்டும். அலைச்சறுக்குப் பள்ளிகள், பலகையும் ஸ்கூட்டரும் வாடகைக்கு விடுகிறவர்கள், குமண வனவிலங்குப் பூங்காவுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற சஃபாரி ஜீப்காரர்கள் எல்லோரும் தங்கள் வாடிக்கையாளருக்கும் வேலையாட்களுக்கும் சேர்த்துக் குழுக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்று சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவிலும் பிரதேச சபையின் வருடாந்த உரிமத்திலும் நிபந்தனை வைக்கலாம். எங்களில் பயிற்சி நிலையம் நடத்துகிறவர்கள் இதற்குச் சம்மதித்தே கையொப்பமிட்டிருக்கிறார்கள். வெளிநாட்டவருக்கான செலவை அவர்களின் பயணக் காப்புறுதியிடம் கேட்கும் வேலையை வைத்தியர் தலையில் போடாமல், சீசனுக்கு மட்டுமாவது ஓர் எழுதுவினைஞரை நியமித்துச் செய்விக்கலாம். இந்த நிபந்தனைகளிலிருந்து கடற்றொழிலையும் விவசாயத்தையும், ஊர்ப் பிள்ளைகள் காசில்லாமல் விளையாடுவதையும் விலக்கிவிட வேண்டும்.

அப்புறம், அப்படிக் கிடைக்கிற பணம் சிகிச்சை கொடுத்த வைத்தியசாலைக்கே சேரட்டும். திறைசேரிக்குப் போன காசு பொத்துவிலுக்குத் திரும்பி வரும் என்பதில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இது பற்றிப் பேச அடுத்த சீசனுக்கு முன்னர் பொத்துவிலில் ஒரு கூட்டத்தைக் கூட்டி, எங்களையும் அழைத்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
அறுகம்குடா, உல்லைப் பகுதி அலைச்சறுக்குப் பயிற்றுநர்கள், படகோட்டிகள், கடற்றொழிலாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதிகள்: மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், கிழக்கு மாகாணம், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், கல்முனை, தவிசாளர், பொத்துவில் பிரதேச சபை.