மூச்சிரைப்பு நோயாளிக்கு ஓய்வு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரடைப்பிலிருந்து மீண்டவர்களும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் மூச்சிரைப்பவர்களும் மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும்போது, மாத்திரைச் சீட்டோடு "அலட்டிக்கொள்ளாமல் ஓய்வாக இருங்கள்" என்ற ஒரே அறிவுரையைப் பெற்றுவருவதை எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் பார்க்கிறேன். என் தாயாருக்கும் அதுவே சொல்லப்பட்டது. குமுளி வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் விறகடுப்புப் புகையில் சமைத்தவர் அவர். பீடி, சிகரெட்டைத் தொடாமலேயே, அந்தப் புகையால் நுரையீரல் கெட்டவர். ஓய்வுதான் மருந்து என்று நம்பி, தண்ணீர்ச் செம்பைக்கூட நாங்களே எடுத்துக் கொடுத்தோம். ஐந்து மாதங்களில், வாசற்படி ஏறுவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

காரணத்தைப் பின்னர் ஒரு பிசியோதெரபி மருத்துவர் விளக்கினார். அசையாமல் கிடந்து மெலிந்த தொடைத் தசைகளில் சிறு உழைப்புக்கே லாக்டிக் அமிலம் சேர்ந்து மூச்சின் வேகத்தைக் கூட்டுகிறது. இரைப்புக்கு அஞ்சி உட்கார உட்காரத் தசை மேலும் மெலிகிறது. கெட்டுப்போன நுரையீரலைப் பயிற்சியால் மீட்க முடியாது, ஆனால் தசையை மீட்கலாம் என்றார். முதல் நாள் சமதளமான நடைகூடத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, கடந்த தூரத்தையும் விரல் நுனிக் கருவியில் ஆக்சிஜன் அளவையும் குறித்துக்கொண்டார். அதன்பின் வாரம் மூன்று நாள் வீதம் எட்டு வாரம் நடை, நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குதல் ஆகியவற்றோடு, மூக்கால் இழுத்த மூச்சை, விளக்குச் சுடர் அணையாமல் அசைவதுபோல் உதடு குவித்து மெல்ல விடவும் பழக்கினார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும் என்பதே வேகத்துக்கு அவர் சொன்ன கணக்கு. நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். இப்போது என் தாயார் கடைத்தெரு வரை தனியாகவே போய்வருகிறார்.

இதய நோயாளிகளுக்கும் இது பொருந்தும். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தும் வழக்கத்தை எதிர்த்து, லெவின், லௌன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து எழுதியது 1952இல். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் வீடுகளில் கட்டில்தான் சிகிச்சையாக இருக்கிறது என்பது வேதனை. பைபாஸ் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், அதில் பிளந்த நெஞ்செலும்பு ஒன்றுசேரும்வரை எடை தூக்கக் கூடாது என்பதையும், இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும்கூட யாராவது பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டாமா? எல்லை தாண்டிக் கேரளத்தில் சிகிச்சை பெற்றுத் திரும்பும் எங்கள் முதியவர்களுக்கு, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குறிப்பும் மலையாளத்தில் சொல்லப்பட்ட அறிவுரையும் பாதிதான் விளங்குகின்றன.

தேனி அருகே க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எங்கள் ஊரான கூடலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மூச்சிரைக்கும் ஒருவர் வாரம் மூன்று முறை பேருந்து மாறி அங்கே போய்வர இயலாது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வரும் பிசியோதெரபி ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. அந்தப் பணியாளர்களுக்கு இதய, நுரையீரல் நோயாளிகளுக்கான பயிற்சியளித்து, வட்டார அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் மேற்பார்வையுடன் வகுப்பு நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். டிரெட்மில் தேவையில்லை, ஒரு நீண்ட நடைகூடம், நாற்காலிகள், ரத்த அழுத்தக் கருவி, ஆக்சிமீட்டர், தமிழில் அச்சிட்ட பயிற்சித் தாள் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். துணைக்கு வருபவர் பெரும்பாலும் விடியுமுன் ஜீப் ஏறுகிற கூலித் தொழிலாளியாகவே இருப்பதால், வகுப்புகளில் ஒன்றையேனும் ஞாயிற்றுக்கிழமையில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
கூடலூர், தேனி மாவட்டம்.