குமுட்டி ஓரம் வைத்த கால்

கோத்தகிரி
பிப்ரவரி 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் தீபாவளிக் கடிதத்துக்குத் தை முடியப்போகிற நேரத்தில் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம். சின்னவளுக்குக் குன்னூரிலேயே வேலை கிடைத்துவிட்டது. நெட்டையன் புது வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டான். உன் பழைய பாக்கியைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் இடது காலைப் பற்றியது.

மார்கழி நடுவில், பள்ளத்துத் தோட்டங்களில் உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிப்போன வாரம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு, குமுட்டியில் கங்கு போட்டுப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, கம்பளிக் காலுறையோடு கால் நீட்டி உட்கார்ந்தேன். பேப்பர் படித்தபடியே கண் அசந்துவிட்டது. உன் தங்கச்சி வந்து "என்ன கருகுகிற வாடை?" என்று கேட்டுத்தான் விழித்தேன். காலுறை பாதத்தோடு ஒட்டியிருந்தது. மெதுவாக உரித்தால், உள்ளங்காலில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்புளம். மாப்பிள்ளை, எனக்கு ஒரு துளி வலி இல்லை. அவள் அழுதாள். "வலிக்கவே இல்லையே, ஏன் அழுகிறாய்?" என்று நான் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டாக்டரம்மா கட்டுப் போட்டுவிட்டு, கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொடுவாராம், தொடும்போதெல்லாம் நான் "ஆமாம்" என்று சொல்ல வேண்டுமாம். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், அவர் இடது காலை முடித்துவிட்டு வலது காலுக்குப் போயிருந்தார். அந்த நொடியில் எனக்கு அடிவயிறு கலங்கியதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

இரண்டு வருடமாகவே கால் மரத்துத்தான் இருந்திருக்கிறது. பஞ்சின் மேல் நடப்பது போலவும் இருக்கும். ஆனால் இந்த ஊரில் டிசம்பர் வந்தால் யாருக்குத்தான் கால் மரக்காது? குளிர் என்று நினைத்து இன்னொரு காலுறையை மாட்டிக்கொண்டேன். சித்திரை வெயிலிலும் மரத்திருந்ததே, அதை யோசித்திருக்க வேண்டாமா என்று இப்போது மனது அடித்துக்கொள்கிறது.

எனக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும், பார்டரில் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு நாள் இனிப்பை ஒதுக்கி வாயைக் கட்டிவிட்டு, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பேன். அதில் வந்த எண்ணை நம்பினேன். இந்த முறை எச்பிஏ1சி என்ற சோதனையைச் செய்தார்கள். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்குமாம். அத்தனை நாளும் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியதோ அதற்கேற்ப அதில் ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி அதில் தெரிந்துவிடுகிறது. இரண்டு நாள் பத்தியம் அதனிடம் செல்லாது. 6.5 தொட்டாலே நீரிழிவு. எனக்கு 9.4. இப்படி ஏறிக் கிடந்த சர்க்கரைதான் கால் நரம்பைக் கெடுத்து மரக்க வைத்திருக்கிறது.

இது என்ன நோய் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. நம் டீ ஃபேக்டரியை நினைத்துப்பார். கொழுந்து லாரி வந்து வாசலில் நிற்கிறது, உள்ளே ஆள் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான். கொழுந்து ரோட்டில் குவிகிறது. உள்ளே இயந்திரம் சும்மா கிடப்பதைப் பார்த்து, வரத்து இல்லை என்று எண்ணி, இன்னொரு ஏஜெண்டு ராத்திரியோடு ராத்திரியாக மேலும் லோடு அனுப்புகிறான். கதவைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுவது இன்சுலின். அதன் குரலுக்கு உடம்பு செவி சாய்ப்பதில்லை. ராத்திரியில் லோடு அனுப்புவது கல்லீரல். ராத்திரி பட்டினி கிடந்தாலும் காலையில் சர்க்கரை ஏறியிருப்பதற்கு அதுதான் காரணம். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கணையமும் ஓய்ந்துபோகிறது. மெட்ஃபார்மின் மாத்திரை முக்கியமாக அந்தக் கல்லீரலைத்தான் அடக்குகிறது. முதல் பத்து நாள் வயிற்றைப் புரட்டியது. சாப்பாட்டோடு போட ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் கால் மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். உழைக்கிற தசை, இன்சுலின் கூப்பிடாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். புண் ஆறும்வரை நடை கூடாது என்பதால் நாற்காலியில் உட்கார்ந்து கையையாவது ஆட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கரை போட்ட டீ நாளைக்கு ஐந்து குடித்தவன், இப்போது இரண்டு, சர்க்கரை இல்லாமல். வர்க்கியை விட்டது பெரிய துக்கம், அதைப் பற்றிப் பேச வேண்டாம். ராகிக் களி எவ்வளவும் சாப்பிடலாம் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். ராகியும் மாவுதான், மூன்று உருண்டை சாப்பிட்டால் மூன்று உருண்டைக்கு ஏறும். உருளைக்கிழங்கைக் குறைத்து, பீன்ஸும் கோஸும் கீரையுமாகப் பாதித் தட்டை நிரப்புகிறேன்.

உன் பெரியப்பாவை இந்த ஆறு வாரத்தில் எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா? முள் குத்தியது என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் விரல், அப்புறம் முழங்கால். நீயும் நானும்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தோம். "முள்ளுக்கா காலை எடுப்பார்கள்?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். முள் குத்தியது அவருக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது, மாப்பிள்ளை. எனக்கு நடந்ததேதான் அவருக்கும் நடந்திருக்கிறது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், மாத்திரையை நிறுத்திவிட்டு யாரோ கொடுத்த இலைப்பொடியைக் குடிக்கிறேன் என்று நீ தீபாவளிக் கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தாய். அதே கடிதத்தின் கடைசியில், செருப்பு நழுவி விழுந்தது தெரியாமல் தெருமுனை வரை நடந்துவிட்டேன் என்று வேடிக்கையாகவும் எழுதியிருந்தாய். நானும் அப்போது படித்துச் சிரித்தேன். போன வாரம் மறுபடி எடுத்துப் படித்தபோது கை நடுங்கியது. செருப்பு கழன்றது தெரியாத காலுக்கு நாளை ஆணி ஏறினாலும் தெரியாது. நீ வரப்பில் வெறுங்காலோடு நடப்பவன். பொடி கொடுத்தவர் உன் பாதத்தை ஒரு தடவையாவது பார்த்தாரா?

மாத்திரையை டாக்டரைக் கேட்டு மறுபடி தொடங்கு. இந்த வாரமே எச்பிஏ1சி பார். நைலான் இழையால் காலைச் சோதிக்கச் சொல். கண்ணின் விழித்திரையையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்கச் சொல். கண்ணும் சிறுநீரகமும் காலைப் போலவே சத்தமில்லாமல் கெடுமாம், வருடா வருடம் பார்க்க வேண்டுமாம். ராத்திரி படுக்கும் முன் ஒரு கைக்கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார். குளிக்கிற வெந்நீரைக் காலால் சோதிக்காதே, முழங்கையால் தொட்டுப் பார். நான் இப்போது குமுட்டிப் பக்கமே போவதில்லை, வெந்நீர்ப் பையும் வைப்பதில்லை, போர்வைதான்.

என் புண் ஆறிவிட்டது, புதுத் தோல் ரோஜா நிறத்தில் இருக்கிறது. உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வோம் என்றார் டாக்டரம்மா.

பங்குனியில் நீ வர வேண்டாம், நான் வருகிறேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடித்துக்கொள்வேன். அதற்குள் ஒரு கார்டு போடு. அதில் நலம் விசாரிப்பு எதுவும் வேண்டாம், அந்த ஒரு எண்ணை மட்டும் எழுது.

உன்
மச்சான்