நைனாவுக்காக விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்கு

அன்புள்ள ஊராருக்கும் உறவினருக்கும் கூத்துக்காரர்களுக்கும்,

வணக்கம். எங்கள் அப்பா, நைனாவின் காரியத்தன்று இரவு, கர்ணன் சாவைச் சொல்லும் தெருக்கூத்தான கர்ண மோட்சம் வைக்கிறோம் என்றதும், "இந்தக் காலத்துல யாருப்பா விடிய விடிய உட்காருவான்? ரெண்டு மணி நேரத்துல முடிக்கச் சொல்லு" என்று யோசனை சொன்னவர்கள் நிறைய. அவர்களில் பாதிப்பேர் காலை ஆறு மணிக்கும் பாயை விட்டு எழவில்லை. முதல் நன்றி அவர்களுக்குத்தான்.

வட ஆற்காட்டுப் பக்கம் வயதானவர்கள் போனால் கருமாதி இரவில் கர்ண மோட்சம் ஆடுவது பழைய வழக்கம். நைனா வேஷம் கட்டியவரில்லை. பாட்டும் வராது. ஆனால் அணைக்கட்டுச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வேஷம் வெளியே வரும்போது திரை பிடிக்க ஆள் குறைந்தால் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். அவர் வாழ்க்கையில் பீற்றிக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். அன்று கர்ணன் வருவதற்கு முன்னால், கூத்து வாத்தியார் என் தம்பியைக் கூப்பிட்டுத் திரையின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார். "உங்க நைனா புடிச்ச பக்கம்" என்றார். நாங்கள் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஐயா, அதற்கு மட்டும் எப்படி நன்றி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜமா, அதாவது கூத்துக் குழு, செய்யாறு பக்கத்திலிருந்து வந்தது, பதினைந்து பேர். வேலூர் மாவட்டத்தில் ஆளே இல்லையா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறார்கள். ஆனால் நைனா பார்த்தது இவர்களை. 1989-ல் வட ஆற்காட்டை ரெண்டாகப் பிரித்தார்கள், 2019-ல் வேலூரை மூன்றாக்கினார்கள். கூத்துப் பெட்டி என்னவோ இன்னும் பழைய வட ஆற்காட்டுக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெட்டி இறக்கவும் வேஷம் கட்டவும் பள்ளிக்கூட வராந்தாவைத் திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கு நன்றி. சாயங்காலத்திலிருந்தே பிள்ளைகள் அங்கே மொய்த்துக்கொண்டார்கள். கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டையைப் பார்த்து "கனக்குமா?" என்று ஒரு பொடியன் கேட்க, அரிதாரம் பாதி பூசிய முகத்தோடு கர்ணன் அதை எடுத்து அவன் தோளில் வைத்தார். கல்யாண முருங்கை மரம், கனமே இல்லை. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு, கிரீடமும் சதங்கையுமாகக் கிறுகி ஆடிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அந்தப் பொடியன் விடியும்வரை தூங்கவில்லையாம். அவன் அம்மா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். மன்னியுங்கள் அக்கா.

கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் வழக்காடுகிற இடத்தில்தானா கரண்டு போகவேண்டும்? மணி ஒன்றரை இருக்கும். ஒரே இருட்டு. நாயனம் போல ஊதுகிற முகவீணை மட்டும் நிற்கவில்லை, மிருதங்கமும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. கீழ்த்தெரு சித்தப்பா டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி விளக்கைப் போட்டார். மைக் இல்லை. பொன்னுருவி வேஷக்காரர் குரலை ஒரு கட்டை ஏற்றினார். அவ்வளவுதான், கடைசிப் பாய் வரைக்கும் கேட்டது. டிராக்டர் வெளிச்சம் கர்ணன் கிரீடத்தில் பட்டு, எதிர்ச்சுவரெல்லாம் துண்டு துண்டாக ஆடியது. கரண்டு திரும்பியபோது சிலர் "ஐயோ" என்றார்கள், நானும்தான். சித்தப்பா டீசலுக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார். அது வேறு கணக்கு, பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

சென்னை, பெங்களூரிலிருந்து போனிலேயே மொய் அனுப்பிய பிள்ளைகளுக்கும் நன்றி. "நூறு ரூபா வுழுந்துச்சாம், சத்தமே கேக்கலயே" என்று கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் தட்டைக் கவிழ்த்துக் காட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விழுந்த மொய் முழுக்க ஜமாவுக்கே போய்ச் சேர்ந்தது. பங்குனியிலிருந்து ஆடி வரை பாரதம் இருக்கும், பிழைத்துக்கொள்வார்கள். மழை மாதத்தில் இந்த மாதிரி ஒரு ராத்திரிக் கூத்துதான் கைகொடுக்கும். ஆகவே இனி யாராவது கூப்பிட்டால், ரேட்டில் பேரம் பேசாமல் வெற்றிலை பாக்கோடு முன்பணமும் வையுங்கள். அப்புறம், சாப்பாடு முதல் பந்தியிலேயே போடுங்கள். பெரியம்மா அதைத்தான் செய்தார். ராத்திரி ரெண்டு மணிக்குச் சுக்குக் காப்பி போட்டு, முகவீணைக்காரருக்கு மட்டும் தனிச் சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருந்தும் ஒரு வார்த்தை சொல்லாத எதிர்வீட்டாருக்கும் நன்றி. ஒலிபெருக்கிக் குழாயை உங்கள் பக்கமிருந்து திருப்பி வைக்கச் சொல்லியிருந்தேன். திருப்பினார்களா என்று பார்க்காமல் விட்டது என் தப்பு.

விடிந்ததும் பாய்களை எண்ணினோம். ஒரு கோரைப்பாயும் ஒரு எவர்சில்வர் சொம்பும் யாருடையவை என்று தெரியவில்லை. சொம்பின் கழுத்தில் 'ச' என்று வெட்டியிருக்கிறது. எங்கள் திண்ணையில் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.